வன்முறைக்கு உள்ளாகித் தஞ்சம் கேட்கும் பெண்ணுக்கு மருத்துவ அறிக்கை எழுதுவது: முதல் கடதாசியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை

பிரித்தானியாவில் 'அசைலம் அடித்துவிட்டு' முடிவுக்குக் காத்திருக்கும் ஈழத்துப் பெண்களுக்கு மருத்துவ-சட்ட அறிக்கை எழுதத் தொடங்கும் டொக்டர்மாருக்கும், அந்த அறையில் கூட இருக்கப்போகும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். கொங்கோவிலிருந்தோ ஈரானிலிருந்தோ வந்த பெண் என்றாலும் ஒழுங்கு இதுதான். சொற்கள் மட்டும் வேறு.

புதிதாக வருகிறவர்கள் அநேகமாக ஒரே இடத்தில் இடறுகிறார்கள். பெண் வந்து உட்கார்ந்து பத்து நிமிடத்துக்குள் "தழும்பைக் காட்டுங்கோ" என்கிறார்கள். தழும்பு ஆறாவது படி. அதற்கு முன்னால் ஐந்து படிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் ஆறாவதில் பார்ப்பதை நம்பி எதுவும் எழுத முடியாது.

இன்னொன்று. இந்த அறிக்கை அவர் சொல்வது உண்மை என்று சான்றிதழ் கொடுப்பதற்கு அல்ல. அவர் சொல்வதும், உடம்பிலும் மனதிலும் நாம் காண்பதும் எவ்வளவு தூரம் பொருந்துகின்றன என்று சொல்வதற்கு. கண்டதைவிடக் கூட்டி எழுதினாலும் பிழை, குறைத்து எழுதினாலும் பிழை. அனுபவத்தில் நான் கண்டது, இரக்கத்தால் கூட்டி எழுதியவர்களே கூடுதலான வழக்குகளைக் கெடுத்திருக்கிறார்கள்.

1. முதலில் கடதாசிகள்

நாள் குறிப்பதற்கு முன் ஆறு கடதாசிகள் கையில் இருக்கவேண்டும்: சட்டத்தரணியின் கடிதம், வந்தவுடன் எடுத்த முதல் நேர்காணலின் பதிவு, பிறகு நடந்த முழு நேர்காணலின் பதிவு, வாக்குமூலம், ஹோம் ஒஃபிஸ் (தஞ்சக் கோரிக்கையை முடிவுசெய்யும் உள்துறை அமைச்சு) மறுத்திருந்தால் அந்த மறுப்புக் கடிதம், ஜீபியின் (அவருடைய குடும்ப டொக்டரின்) முழுக் குறிப்புகள்.

சட்டத்தரணியின் கடிதத்தில் கேள்விகள் தெளிவாக இருக்கவேண்டும். "மருத்துவ அறிக்கை தரவும்" என்று ஒற்றை வரி வந்தால் திருப்பி அனுப்புங்கள். எந்தத் தழும்புகள், எந்த மனநலப் பிரச்சினை, நேர்காணலில் திகதிகள் முரண்பட்டதற்கு மருத்துவக் காரணம் இருக்கிறதா, திருப்பி அனுப்பினால் அவருடைய உடல்நிலை என்னாகும் என்று பிரித்துக் கேட்கச் சொல்லுங்கள். கேட்காத கேள்விக்கு எழுதும் பதில் நீதிமன்றத்தில் நமக்கே எதிராக நிற்கும்.

மறுப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்ய 14 நாட்கள்தான். அதனால் சட்டத்தரணி அவசரப்படுவார். மேன்முறையீட்டைப் பதிவதற்கு அறிக்கை தேவையில்லை. விசாரணைத் திகதிக்கு முன் வந்தால் போதும். ஒரே நாளில் பார்த்து எழுதித் தரக் கேட்டால் மறுப்பதுதான் அந்தப் பெண்ணுக்கு நல்லது.

ஜீபி குறிப்புகளை அலுப்புப் பார்க்காமல் முழுவதும் வாசியுங்கள். ஒரு பெண்ணின் குறிப்பில் "துன்புறுத்தப்பட்ட வரலாறு இல்லை" என்று இருந்தது. மறுப்புக் கடிதம் அதைத் தூக்கிப் பிடித்திருந்தது. அதே பக்கத்தின் கீழ் மூலையில் இன்னொரு சின்ன வரி: மொழிபெயர்த்தது கணவர். சிங்களச் சிப்பாய்கள் தன்னைக் கெடுத்ததைக் கணவரின் வாயால் அவர் எப்படிச் சொல்லியிருப்பார்? அந்த ஒரு வரியை அறிக்கையில் எடுத்துக் காட்டுவதற்குத்தான் முழுவதையும் வாசிக்கச் சொல்கிறேன்.

வாக்குமூலத்தை வாசியுங்கள், ஆனால் அறைக்குள் கொண்டுபோகவேண்டாம். மடியில் இருந்தால் அதைப் பார்த்துத்தான் கேள்வி கேட்போம். வரும் பதில் அந்தக் கடதாசியின் எதிரொலியாக இருக்கும்.

2. மொழிபெயர்ப்பாளர்: பெண், அதே தமிழ், தெரியாத ஆள்

பெண் மொழிபெயர்ப்பாளர் என்பதில் விட்டுக்கொடுப்பு இல்லை. கணவர், அக்கா, பக்கத்து அறைத் தோழி யாரும் வேண்டாம். பிள்ளைகள் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

இலங்கைத் தமிழ் பேசுகிறவராக இருக்கவேண்டும். நல்ல தமிழ் தெரிந்த சென்னைக்காரர் ஒருவர் "ஒரே யோசனை" என்பதை எதையோ சிந்தித்துக்கொண்டிருக்கிறார் என்று மொழிபெயர்த்தார். நம்மிடம் யோசனை என்றால் கவலை, அதுவும் தலையை விட்டுப் போகாத கவலை. மனச்சோர்வின் முதல் அறிகுறி அந்த ஒரு சொல்லில் தொலைந்துபோனது.

இதைவிடக் கவனமாகப் பார்க்கவேண்டியது மூடுசொற்கள். "கரைச்சல் குடுத்தவங்கள்", "பிழையா நடந்தவங்கள்", "கெடுத்துப்போட்டாங்கள்", "என்னை ஒண்டுக்கும் ஏலாம ஆக்கிப்போட்டாங்கள்." 'கரைச்சல்' என்பது இரண்டு கேள்வி கேட்டதாகவும் இருக்கலாம், கூட்டு வன்புணர்வாகவும் இருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் அதை 'தொந்தரவு' என்று மெழுகிவிடாமல், பெண் சொன்ன சொல்லை அப்படியே சொல்லி, "இதற்குப் பல பொருள் உண்டு" என்று டொக்டருக்கு அறிவிக்கவேண்டும். அறிக்கையிலும் அந்தத் தமிழ்ச் சொல் ஒலிபெயர்ப்பாகவே போகட்டும். நேர்காணலில் 'தொந்தரவு', வாக்குமூலத்தில் 'வன்புணர்வு' என்று வந்து, "கதையை மாற்றினார்" என்று மறுக்கப்பட்ட வழக்கில், இரண்டு இடத்திலும் அவர் சொன்னது ஒரே சொல்லாக இருக்கலாம்.

பெண் வருவதற்கு முன் மொழிபெயர்ப்பாளரோடு பத்து நிமிடம் தனியாகக் கதையுங்கள். இன்று வன்புணர்வு பற்றி வரும், தாங்குமா என்று கேளுங்கள். பாதியில் மொழிபெயர்ப்பாளர் அழுதால், பெண் தன் கதையை நிறுத்திவிட்டு அவருக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார். பார்த்திருக்கிறேன்.

நீங்களே தமிழ் டொக்டர் என்றால் சிக்கல் வேறு மாதிரி. "நீங்கள் எந்த இடம்? ஆற்ற பிள்ளை?" என்பது நமக்கு வணக்கம் சொல்வது போல. அந்த அறையில் அந்தக் கேள்வி ஒரு பயமுறுத்தல். லண்டனில் ஈஸ்ட் ஹாமில் சொன்னது பின்னேரத்துக்குள் சாவகச்சேரிக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் மொழிபெயர்ப்பாளருக்கும் எனக்கும் அவரோடு உறவோ ஊர்த் தொடர்போ இல்லை என்று நானாகவே முதலில் சொல்லிவிடுவேன். இருப்பது தெரியவந்தால் விலகிவிடுவேன்.

3. அறையும் நேரமும்

ஒரே அமர்வு போதாது. இந்த வேலைக்கான ஐ.நா. கைநூலான இஸ்தான்புல் நெறிமுறையே (1999-ல் எழுதப்பட்டது, கடைசித் திருத்தம் 2022) இரண்டு முதல் நான்கு மணித்தியாலம்கூடப் போதாமல் போகலாம் என்கிறது. நான் குறைந்தது இரண்டு அமர்வு வைப்பேன், இடையில் ஒன்றிரண்டு வாரம் விட்டு. முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் சொல்லுவார். முதல் நாளிலேயே எல்லாம் வரவேண்டும் என்பது நம் அவசரம்.

கதிரையைக் கதவுக்குக் கிட்டப் போடுங்கள். அவருக்கும் கதவுக்கும் நடுவில் நீங்கள் உட்காரவேண்டாம். கதவைப் பூட்டவேண்டாம், வெளியே 'உள்ளே ஆட்கள்' என்று தாளை ஒட்டினால் போதும். திறப்புக் கோர்வையை மேசையில் வைக்காதீர்கள். அந்தச் சத்தத்தில் உறைந்துபோன பெண்ணோடு அரை மணித்தியாலம் இருந்திருக்கிறேன்.

குழந்தை இருந்தால் பார்த்துக்கொள்ள ஆள் ஒழுங்கு செய்யும்படி சட்டத்தரணிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். மூன்று வயதுப் பிள்ளை மடியில் இருக்க எந்தத் தாயும் இதைப் பேசமாட்டார். காலையில் சாப்பிட்டாரா, பஸ்ஸுக்குக் காசு இருந்ததா என்றும் கேளுங்கள். தஞ்சம் கேட்டவர்களின் வாரப்பணத்தில் லண்டனின் அந்தத் தொங்கலிலிருந்து வருவது சின்ன விசயமல்ல.

4. ஒப்புதல்: ஒரு தடவை கேட்டால் போதாது

முதல் பத்து நிமிடத்தில் ஆறு விசயங்களைச் சொல்லவேண்டும். நான் ஹோம் ஒஃபிஸ் ஆள் இல்லை. உங்களுக்கு மருந்து தரும் டொக்டரும் இல்லை. நீங்கள் சொல்வதையும் நான் காண்பதையும் எழுதி உங்கள் லோயருக்குக் கொடுப்பேன். அவர் கொடுத்தால் ஹோம் ஒஃபிஸும் நீதிபதியும் வாசிப்பார்கள். விசா கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விடலாம், எந்த இடத்தைக் காட்டவும் மறுக்கலாம், எப்போதும் நிறுத்தலாம்.

"விளங்குதோ?" என்று கேட்டால் எல்லோரும் "ஓம் டொக்டர்" என்றுதான் சொல்லுவார்கள். டொக்டருக்கு மறுத்துச் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் "நான் சொன்னதை நீங்கள் ஒருக்கா எனக்குச் சொல்லுங்கோ" என்று திருப்பிச் சொல்லக் கேளுங்கள். பாதிப் பேர் "நீங்கள் எழுதினா விசா தருவினம்" என்று தொடங்குவார்கள். அங்கிருந்து திரும்ப ஆரம்பியுங்கள்.

கதை கேட்பதற்கு ஒரு ஒப்புதல், உடம்பைப் பார்க்க வேறொன்று, படம் எடுக்க இன்னொன்று. மூன்றையும் ஒரே கையெழுத்தில் முடிக்கவேண்டாம். தன்னுயிருக்கோ ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்றால் இரகசியத்தைக் காக்க முடியாது என்பதையும் இப்போதே சொல்லவேண்டும். பிறகு சொன்னால் ஏமாற்றியது போலாகும்.

5. கதை: தடுப்புக்காவலில் தொடங்கவேண்டாம்

பள்ளிக்கூடத்தில் தொடங்குங்கள். வீட்டில் எத்தனை பேர், எதுவரை படித்தார், இடப்பெயர்வு எத்தனை, யார் யாரை இழந்தார். இரண்டு காரணம். ஒன்று, அவருக்குத் தெரிந்த, சொல்ல எளிதான இடத்திலிருந்து பேசத் தொடங்குவார். இரண்டு, அவருடைய வழக்கமான பேச்சு எப்படி, ஞாபகம் எப்படி என்று நமக்கு ஓர் அளவு கிடைக்கும். பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சரளமாகப் பேசியவர், பிடித்துக்கொண்டு போன நாளுக்கு வந்ததும் துண்டு துண்டாகப் பேசினால், அந்த வித்தியாசமே ஒரு மருத்துவக் குறிப்பு.

திகதி கேட்டு நச்சரிக்காதீர்கள். "மாவீரர் நாளுக்கு முன்னமோ பின்னமோ? நல்லூர்த் திருவிழா முடிஞ்சிட்டுதோ? ஏ.எல். சோதனை எழுதினாப் பிறகோ?" என்று கேட்டால் பெரும்பாலும் மாதம் வந்துவிடும். வராவிட்டால் "ஞாபகமில்லை" என்றே எழுதுங்கள். நீங்களாக ஊகித்து எழுதிய திகதிதான் நாளைக்கு முரண்பாடாக நிற்கும்.

தடுத்து வைத்த இடத்தைப் பற்றிக் கேட்கும்போது புலன்களால் கேளுங்கள். நிலம் எப்படி, என்ன மணம், என்ன சத்தம், வெளிச்சம் எங்கிருந்து வந்தது, ஒதுங்க எங்கே போனீர்கள், மாதவிலக்கு வந்தபோது என்ன செய்தீர்கள். இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்பவர் குறைவு. கண் கட்டியிருந்த பெண்ணுக்கு இடத்தின் பெயர் தெரியாது. கிழித்துத் தந்த சாக்குத் துணியை மறக்கமாட்டார்.

பதிலைக் கேள்விக்குள் வைக்காதீர்கள். "பெற்றோல் ஊத்தின பையைத் தலையில போட்டவங்களோ?" என்று நீங்கள் கேட்டு அவர் "ஓம்" என்றால் அதற்கு மதிப்பில்லை. "பிறகு என்ன நடந்தது?" என்பதே போதும். அவராக "ஷொப்பிங் பாக்" என்று தொடங்குவார்.

பாலியல் வன்முறையைக் கேட்காமலும் விடக்கூடாது, முதலில் கேட்கவும் கூடாது. மற்றதெல்லாம் சொல்லி முடிந்த பிறகு நான் இப்படிக் கேட்பேன்: "இப்படிப் பிடிபட்ட பொம்பிளையளுக்கு உடம்பிலயும் கரைச்சல் குடுக்கிறவங்கள் எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். உங்களுக்கு அப்படி ஏதும்?" பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பேன். மௌனம் ஒரு நிமிடம் போனாலும் நிரப்பமாட்டேன். சிலர் தலையை மட்டும் ஆட்டுவார்கள். அன்றைக்கு அதுவே போதும். "தலையாட்டினார், பேசவில்லை, கண்ணீர் வந்தது" என்று கண்டதை எழுதிக்கொள்ளுங்கள். முகாமோடு நிறுத்தவும் வேண்டாம். வழியில் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன், இங்கே வந்த பிறகு வீட்டுக்குள் நடப்பது இரண்டையும் கேளுங்கள். கடந்த ஏழு நாட்களுக்குள் ஏதும் நடந்திருந்தால் அறிக்கையை ஒத்திவைத்துவிட்டுப் பாலியல் வன்முறை உதவி நிலையத்துக்கு அனுப்பவேண்டும். அந்தக் கால அளவு தாண்டினால் மாதிரி எடுப்பதில் பெரும்பாலும் பலனில்லை. அங்கே பொலிஸில் சொல்லாமலும் போகலாம்.

"ஏன் அப்பவே சொல்லேல்லை?" என்று கேட்கவே கேட்காதீர்கள். "இதை இதுக்கு முந்தி ஆருக்கும் சொல்லக் கூடியதாயிருந்ததோ?" என்று கேட்டால் அதே தகவல் வரும், குற்றம் சாட்டாமல்.

6. உடம்பு: காணும் எல்லாவற்றையும்

துணைக்கு ஒரு பெண் தாதி நிற்கட்டும். ஒரு நேரத்தில் உடம்பின் ஒரு பகுதியை மட்டும் திறந்து, பார்த்து, மூடிய பிறகே அடுத்தது. மொழிபெயர்ப்பாளர் திரைக்கு வெளியே நின்று குரல் கொடுத்தால் போதும்.

தலையிலிருந்து பாதம் வரை ஒழுங்காகப் போங்கள். அவர் காட்டும் தழும்புகளோடு நிறுத்தினால் அது அரைகுறைப் பரிசோதனை. ஒவ்வொன்றுக்கும் இடம், நீள அகலம் மில்லிமீற்றரில், வடிவம், நிறம், விளிம்பு, மேடா பள்ளமா, பிறகு "இது எப்படி வந்தது?" என்ற கேள்விக்கு அவருடைய சொற்களில் பதில். உடம்புப் படத்தில் இலக்கமிட்டுக் குறியுங்கள். படம் எடுத்தால் அளவுகோல் வைத்து, முகம் வராமல்.

ஒரு பெண் முழங்காலைத் தொட்டு, "இது சைக்கிளால விழுந்தது, சின்னனில. இதை எழுதவேண்டாம் டொக்டர்" என்றார். எழுதவேண்டும் என்றேன். கையில் தோசைக்கல் சுட்டது, வயிற்றில் சீசர் வெட்டு, தோளில் பால்குத்தின (தடுப்பூசி) அடையாளம், வன்னியில் ஷெல் துண்டு கிழித்தது என்று அவருடைய உடம்பில் பதினொரு தழும்புகள். அதில் மூன்றைத்தான் அவர் தடுப்புக்காவலோடு சேர்த்துச் சொன்னார். மற்ற எட்டையும் எழுதியதால்தான் அந்த மூன்றுக்கும் மதிப்பு. எல்லாத் தழும்பையும் ஆமிக்காரன் தலையில் போடக்கூடிய இடத்தில் அவர் போடவில்லை என்று வாசிக்கிறவருக்குத் தானாகவே தெரியும். நாம் ஒரு வரி புகழ்ந்து எழுதத் தேவையில்லை.

இனி, புதியவர்கள் பிழைவிடும் இடங்கள். சிகரெட் சூடு பெரும்பாலும் 5 முதல் 10 மில்லிமீற்றர் அளவில், வட்டமாக அல்லது முட்டை வடிவில் இருக்கும்; நடு வெளிறியோ கறுத்தோ, ஓரம் கறுத்து மங்கலாக. ஆனால் பூச்சிக்கடி சீழ்பிடித்து ஆறிய தழும்பும் சில நேரம் இப்படித்தான் இருக்கும். எத்தனை, எங்கே, என்ன ஒழுங்கில் என்று பார்த்தே சொல்லவேண்டும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டது நேர்கோடாக, ஓரம் தெளிவாகத் தெரியும். பிள்ளை பெற்ற பெண்ணின் இடுப்பிலும் தொடையிலும் உள்ள தோல் வரிகளைச் சவுக்கடி என்று எழுதி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. நம் தோலில் தழும்பு தடித்து வளர்வதும் கறுப்பதும் அதிகம். அதனால் முதலில் இருந்த காயத்தின் வடிவம் மாறிப்போயிருக்கலாம் என்று குறிப்பிடுங்கள்.

தழும்பின் வயதைச் சொல்லப் போகாதீர்கள். முதிர்ந்த தழும்பு மூன்று வருடப் பழசா பத்து வருடப் பழசா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

தழும்பே இல்லாவிட்டாலும் பதறவேண்டாம். மண் நிரப்பிய எஸ்லோன் (பிளாஸ்டிக்) பைப்பால் அடித்தால் தோல் கிழியாமல் கண்டிப்போகும், சில வாரத்தில் ஒன்றும் மிச்சமிருக்காது. தலையில் பை போட்டு மூச்சை அடைத்தது, தண்ணீரில் முக்கியது எதற்கும் தழும்பு கிடையாது. உள்ளங்காலில் அடித்திருந்தால் நடக்கும்போது நோ இருக்கிறதா, கைகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தால் தோள் அசைவும் விரல் பலமும் எப்படி என்று சோதியுங்கள். "தழும்பு இல்லை. சொல்லப்பட்ட முறையில் தழும்பு எதிர்பார்க்கவும் முடியாது" என்ற இரண்டு வாக்கியத்தையும் சேர்த்தே எழுதவேண்டும். முதல் வாக்கியத்தோடு விட்டால் அது மறுப்புக் கடிதத்தில் மேற்கோளாக வரும்.

7. செய்யக்கூடாதது

மாதங்கள், வருடங்கள் கழித்து வரும் பெண்ணுக்குப் பிறப்புறுப்புப் பரிசோதனை வேண்டாம். அந்த இடத்துக் காயங்கள் கெதியாக ஆறிவிடும். இல்லாத காயத்தால் எதுவும் நிரூபணமாகாது, பெண்ணுக்கு வேதனை மட்டும் மிச்சம். கன்னித்தன்மைப் பரிசோதனை என்று ஒரு மருத்துவப் பரிசோதனையே கிடையாது. 2022 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதைச் செய்வது குற்றம். குடும்பத்தில் யாராவது கேட்டால் அதையே சொல்லுங்கள்.

அவருக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு: எச்.ஐ.வி., மஞ்சட்காமாலை பி, சிபிலிஸ் இரத்தச் சோதனை, கர்ப்பச் சோதனை, நாட்பட்ட அடிவயிற்று நோவுக்குச் சிகிச்சை. இவற்றுக்கு ஜீபி வழியாக அனுப்புங்கள், அறிக்கைக்காகச் செய்யவேண்டாம். "வெள்ளை படுது" என்று பல பெண்கள் சொல்வார்கள். அது சில நேரம் தொற்று, சில நேரம் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லும் வழி. இரண்டையும் மனதில் வைத்திருங்கள்.

8. மனம்

கேள்வித்தாள்கள் உதவிக்குத்தான். இலக்கத்தை மட்டும் வைத்து "கடுமையான மனச்சோர்வு" என்று எழுதினால், "அவரே குறித்துக் கொடுத்ததுதானே" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். அவர் சொன்னதையும் நாம் கண்டதையும் பிரித்து எழுதுங்கள். "நித்திரை இல்லை" என்பது அவர் சொன்னது. வெளியே ஒரு ஆண் உரத்துக் கதைத்தபோது பேச்சு நின்று, கை சில்லிட்டு, மூன்று நிமிடம் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது நாம் கண்டது. இரண்டாவதற்குத்தான் கனம்.

கனவைப் பற்றி, கூப்பிடாமல் வரும் ஞாபகங்களைப் பற்றி, எதை எதைத் தவிர்க்கிறார் என்பதைப் பற்றி அன்றாட வாழ்க்கை வழியாகக் கேளுங்கள். பஸ்ஸில் எங்கே இருப்பீர்கள்? குளிக்கும்போது கதவு? சமைக்கும்போது அடுப்பில் வைத்ததை மறப்பதுண்டா? யூனிபோர்ம் போட்டவரைக் கண்டால்? ஹோம் ஒஃபிஸில் கையெழுத்து வைக்கப் போகும் நாளுக்கு முதல் இரவு எப்படி? நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11 அதிர்ச்சிக்குப் பின்னான மனவடு நோயின் (பி.ரி.எஸ்.டி.) சாதாரண வடிவத்தையும், சிக்கலான வடிவத்தையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. நீண்ட நாள் தடுத்து வைக்கப்பட்டுத் திரும்பத் திரும்பக் கெடுக்கப்பட்ட பெண்களிடம் "நான் ஊத்தை", "என்னைத் தொட்டா உங்களுக்கும் ஒட்டும்" என்ற பேச்சு வந்தால் இரண்டாவதை நினைத்துப் பாருங்கள்.

திகதி முரண்பாடுகளுக்கு இங்கேதான் பதில் எழுதவேண்டும். பிரித்தானியாவில் இருந்த கொசோவோ, பொஸ்னியா அகதிகளை இரண்டு தடவை நேர்கண்டு 2002-ல் வெளியான ஆய்வொன்றில், தஞ்சத்துக்காகப் பொய் சொல்லத் தேவையில்லாதவர்களிடமும் இரண்டு தடவைக்கும் இடையில் விவரங்கள் மாறின. ஆனால் ஆய்வைக் காட்டி எல்லா முரண்பாட்டையும் கழுவிவிடாதீர்கள். இந்தப் பெண்ணுக்கு, இந்த முரண்பாட்டுக்கு, இன்ன காரணம் மருத்துவ ரீதியாகப் பொருந்துகிறது என்று எழுதுங்கள். பொருந்தாவிட்டால் அதையும் எழுதுங்கள். தலையில் அடிபட்டு மயங்கினாரா என்று கேட்க மறக்கவேண்டாம்.

தற்கொலை எண்ணத்தை நேரடியாகக் கேளுங்கள்: "செத்தா நல்லம் எண்டு நினைப்பு வாறதோ? அதுக்கு ஏதும் செய்யப் பாத்தனீங்களோ?" கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. "ஓம்" என்றால் அறிக்கை வேலை அத்தோடு நிற்கும். அன்றைக்கே ஜீபிக்கோ மனநல நெருக்கடிப் பிரிவுக்கோ தொலைபேசி எடுக்காமல் அவரை வீட்டுக்கு விடாதீர்கள்.

9. எழுதுவது

இஸ்தான்புல் நெறிமுறையின் ஐந்து படிச் சொற்களைத் தவிர வேறு சொல் வேண்டாம். பொருந்தவில்லை. பொருந்துகிறது, ஆனால் வேறு பல காரணங்களாலும் வந்திருக்கலாம். மிகவும் பொருந்துகிறது, வேறு காரணங்கள் சிலவே. இந்தக் காயத்துக்கே வழக்கமான தோற்றம், ஆனாலும் வேறு காரணம் இருக்கக்கூடும். இதைத் தவிர வேறு எப்படியும் வந்திருக்க முடியாது. ஒவ்வொரு தழும்புக்கும் ஒரு படி. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஒரு மொத்த மதிப்பீடு. தனித்தனியே 'பொருந்துகிறது' என்ற அளவில் நிற்கும் ஆறு தழும்புகள், இருக்கும் இடத்தாலும் ஒழுங்காலும் சேர்ந்து அதைவிட மேலான படிக்குப் போகலாம்.

வேறு காரணங்களை நீங்களே எழுப்பிப் பதில் எழுதுங்கள்: விபத்து, சமையல், நோய், தன்கையால் செய்தது, ஆள் வைத்துச் செய்தது. கடைசியாகச் சொன்னது இலங்கைத் தமிழர் வழக்குகளில் அடிக்கடி எழும். முதுகில் கம்பிச் சூட்டுத் தழும்புகளோடு வந்த ஒரு தமிழ் ஆணின் கே.வி. வழக்கில், தஞ்சத்துக்காக வேறொருவரைக் கொண்டு தன்னைச் சுடவைத்தார் என்ற சந்தேகம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 மார்ச்சில் வந்த தீர்ப்பு, தழும்பு எதனால் வந்தது என்பதோடு டொக்டர் நிற்கத் தேவையில்லை, அது வந்த சூழ்நிலை பற்றி அவர் சொல்வதோடும் எவ்வளவு பொருந்துகிறது என்று கருத்துச் சொல்லலாம் என்று தெளிவாக்கியது. அந்த இடம் நமக்கு உண்டு. ஆனால் "நான் இவரை நம்புகிறேன்" என்று எழுதும் இடம் இல்லை. அது நீதிபதியின் வேலை. அவரும் முதலில் நம்பாமல் முடிவெடுத்துவிட்டுப் பிறகு மருத்துவ அறிக்கையைப் புரட்டக்கூடாது என்று 2005-லேயே மிபங்கா வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2022 ஜூன் 28 முதல் தஞ்சம் கேட்டவர்களுக்கு ஒரு வேறுபாடு இருக்கிறது. வழக்கின் சில பகுதிகளை 'இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம்' என்ற, முன்பைவிட உயர்ந்த அளவுக்கு அவர்கள் காட்டவேண்டும். அதனால் நம் அறிக்கையில் மங்கலான வசனத்துக்கு இடமில்லை. "இருக்கலாம் போலத் தோன்றுகிறது" என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டுப் படிச் சொல்லைப் போடுங்கள்.

நம் கடமை நீதிமன்றத்துக்குத்தான், கேட்ட சட்டத்தரணிக்கல்ல என்ற உறுதிமொழி கடைசியில் வரவேண்டும். சட்டத்தரணி வரைவைப் பார்த்துத் தகவல் பிழையைத் திருத்தச் சொல்லலாம். கருத்தை மாற்றச் சொன்னால் முடியாது என்று எழுத்தில் சொல்லுங்கள்.

10. கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

வரைவைப் பெண்ணுக்குத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்கவேண்டாம். வன்முறை வரும் பகுதியை வாசிக்கட்டுமா, அவர் சொன்ன திகதி, பெயர், இடங்களை மட்டும் சரிபார்ப்போமா என்று அவரிடமே கேளுங்கள். சின்னம்மா என்று சொன்னது அம்மா என்று பதிவாகியிருப்பது, இடது வலது மாறியிருப்பது எல்லாம் இங்கேதான் பிடிபடும். திருத்தினால் எப்போது, ஏன் திருத்தியது என்று எழுதிவையுங்கள்.

ஜீபிக்குத் தனிக் கடிதம் போகவேண்டும், பெண்ணின் ஒப்புதலோடு. அதில் சிகிச்சைக்குத் தேவையானது மட்டும். தஞ்சம் கேட்டிருப்பவருக்கு என்.எச்.எஸ். (அரச மருத்துவ சேவை) சிகிச்சை இலவசம். ஜீபியிடம் பதிய அடையாள அட்டை கட்டாயமில்லை. வரவேற்பில் கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால் இந்த வரியையும் கடிதத்தில் சேர்த்து விடுங்கள்.

அறிக்கையின் பிரதியை வீட்டு முகவரிக்குத் தபாலில் போடாதீர்கள். பலர் ஹோம் ஒஃபிஸ் கொடுத்த வீட்டில் நாலு பேரோடு இருக்கிறார்கள், சிலர் ஒன்றும் தெரியாத கணவரோடு. எங்கே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று கேளுங்கள். "லோயரிட்டயே இருக்கட்டும் டொக்டர்" என்றால் அப்படியே விடுங்கள்; படங்களையும் சேர்த்து ஒரே உறையில் அங்கே அனுப்பி, கிடைத்ததா என்று ஒரு தடவை தொலைபேசி எடுத்துக் கேட்டுவிடுங்கள்.